டிஜிட்டல் ஃபாரன்சிக்ஸ் எம்.எஸ்சி: லேபைப் பார்க்காமல் ஃபீஸ் கட்டாதீர்கள்

ஒரு தனியார் கல்லூரியில் இந்தப் படிப்பை (கம்ப்யூட்டர், மொபைலிலிருந்து குற்றச் சான்றுகளை எடுத்து ஆராய்வது) இரண்டு வருடம் படித்து முடித்த பிள்ளைகள் ஒருமுறைகூட ரைட் பிளாக்கரை, அதாவது ஆராயும் டிரைவில் எதுவும் எழுதப்படாமல் தடுக்கும் கருவியை, தொட்டதில்லை. லேபில் இருந்தது ஒன்றே ஒன்று. அதுவும் பெற்றோர் பார்ப்பதற்காகக் கண்ணாடி அலமாரியில். என்கேஸ் என்ற ஃபாரன்சிக்ஸ் சாஃப்ட்வேரின் லைசென்ஸ் முதல் செமஸ்டரோடு காலாவதி. பிராக்டிகல் என்றால் பென்டிரைவை நேராகச் சிஸ்டத்தில் செருகி, அழித்த போட்டோவை மீட்பது. மொபைல் ஃபாரன்சிக்ஸ் முழுக்க ஸ்லைடில்தான்.

நேராகச் செருகுவது சின்னத் தப்பு இல்லை. ஒரு ஃபைலைக்கூடத் திறக்காவிட்டாலும் விண்டோஸ் அதில் 'சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன்' என்ற மறைவான ஃபோல்டரை எழுதிவிடும். ஒரு பிட் மாறினாலும் எஸ்எச்ஏ-256 ஹாஷ் (மொத்தத் தரவிலிருந்து கணக்கிடும், கைரேகை போன்ற மதிப்பு) அடியோடு மாறும். பறிமுதலின்போது எடுத்த ஹாஷோடு அது ஒத்துப்போகாவிட்டால் எதிர்த்தரப்பு வக்கீல் அதையே பிடித்துக்கொள்வார். 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின்படி, மின்னணுச் சான்றோடு தரும் 63-ஆம் பிரிவுச் சான்றிதழில் ஹாஷ் மதிப்பையும், எந்த அல்காரிதம் என்பதையும் எழுத வேண்டும். அதன் இரண்டாம் பகுதியில் நிபுணர் கையெழுத்துப் போட வேண்டும். அதை ஒருமுறைகூட எழுத வைக்காத படிப்பை நம்பி எப்படி வேலைக்குப் போவது?

"முடித்தால் நீங்களே 79ஏ எக்ஸாமினர்" என்று அட்மிஷனில் சொன்னது பச்சைப் பொய். ஐ.டி. சட்டத்தின் 79ஏ பிரிவில், மின்னணுச் சான்று பற்றி நிபுணர் கருத்துத் தரும் எக்ஸாமினராக மத்திய அரசு அறிவிப்பது அரசுத் துறைகளையும் அமைப்புகளையும்தான். பட்டம் வாங்கிய தனிநபரை அல்ல.

வகுப்பு நடக்கும் நாளில் லேபுக்குப் போங்கள். ஒரு 16 ஜிபி பென்டிரைவை ரைட் பிளாக்கர் வழியாக எஃப்டிகே இமேஜர் என்ற சாஃப்ட்வேரில் ஈ01 இமேஜ் (டிரைவின் முழு நகல் ஃபைல்) எடுத்து, வெரிஃபை செய்து, இரண்டு ஹாஷும் ஒன்றுதான் என்று மாணவர் ஒருவரைக் காட்டச் சொல்லுங்கள். ஆசிரியரை அல்ல, மாணவரை. எஃப்டிகே இமேஜரும், எடுத்த இமேஜை ஆராயும் ஆட்டாப்சி சாஃப்ட்வேரும் இலவசம், எனவே செலவைக் காரணம் காட்ட முடியாது.

பட்டம் வெளிமாநிலத் தனியார் பல்கலைக்கழகத்துடையது, வகுப்பு மட்டும் இங்கே என்றால் சேரவே வேண்டாம். ஃபிரான்சைஸ் முறையில் பட்டப்படிப்பு நடத்த யுஜிசி அனுமதிப்பதில்லை. ஒரிஜினல் மார்க் ஷீட்டையும் விட்டுவிட்டு வராதீர்கள். சரிபார்த்த கையோடு திருப்பித் தர வேண்டும் என்கிறது 2018 அக்டோபர் யுஜிசி அறிவிக்கை. ஃபீஸ் திரும்பக் கேட்பதற்கான கெடுவும் அதில்தான் இருக்கிறது: சேர்க்கையின் கடைசித் தேதி முடிந்து 30 நாள் தாண்டிவிட்டால் ஃபீஸில் ஒரு ரூபாயும் வராது. அந்தப் பிள்ளைகள் கேள்வி கேட்கத் தொடங்கியது இரண்டாம் செமஸ்டரில்.