பன்றிச் சிறுநீரகத்துக்காகக் காத்திருக்கலாமா?

அமெரிக்காவில் ஒருவருக்குப் பன்றிச் சிறுநீரகம் வைத்தார்கள் என்று செய்தி வந்தால் போதும், தாராவியிலும் மாட்டுங்காவிலும் டயாலிசிஸ் நடக்கும் நம் வீடுகளில் பேச்சு தொடங்கிவிடும்: "அம்மாகிட்ட எடுக்க வேண்டாம், அது வரட்டுமே." வேண்டாம், காத்திருக்காதீர்கள்.

இப்போது போட்டியில் முன்னால் நிற்பவை இரண்டு நிறுவனங்கள். ரெவிவிகார் பன்றியில் 10 மரபணு மாற்றங்கள், ஈஜெனிசிஸ் பன்றியில் 69. எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். பன்றியின் செல்கள்மேல் ஆல்ஃபா-கேல் என்றொரு சர்க்கரை இருக்கிறது. அதை எதிர்க்கும் ஆன்டிபாடி நம் ரத்தத்தில் ஏற்கெனவே உண்டு. மாற்றம் செய்யாத சிறுநீரகத்தை வைத்தால் சில நிமிடங்களிலேயே ரத்தம் உறைந்து அது கறுத்துவிடும். அதனால் இருவருமே இப்படிப்பட்ட மூன்று சர்க்கரைகளை நிறுத்திவிட்டு மனித மரபணுக்களைச் சேர்க்கிறார்கள். ரெவிவிகார் 6, ஈஜெனிசிஸ் 7. ரெவிவிகார் கூடுதலாக, உறுப்பு அளவுக்கு மீறி வளராமலும் பார்த்துக்கொள்கிறது. ஈஜெனிசிஸின் மீதி 59 மாற்றங்கள் பன்றி மரபணுவிலேயே ஒளிந்திருக்கும் ரெட்ரோவைரஸை முடக்க. நல்ல முன்னெச்சரிக்கைதான். ஆனால் 2022-ல் மேரிலாந்தில் பன்றி இதயம் பெற்ற டேவிட் பென்னட்டிடம் தென்பட்டது வேறொரு வைரஸ், பன்றி சைட்டோமெகலோ. அதைத் தடுக்கப் பன்றியைக் கறாராகச் சோதிக்க வேண்டும்.

பலன்? ரெவிவிகார் சிறுநீரகம் டொவானா லூனி என்ற நோயாளிக்கு 130 நாள் உழைத்தது. தொற்று வந்ததால், நிராகரிப்பைத் தடுக்கும் மருந்தைக் குறைத்ததும் உடல் அதை நிராகரித்தது. ஈஜெனிசிஸுடையது டிம் ஆண்ட்ரூஸுக்கு 271 நாள். ஆளுக்கொரு நோயாளியை வைத்து எது மேல் என்று சொல்ல முடியாது. இரண்டுக்கும் முறையான பரிசோதனை அனுமதி கிடைத்ததே 2025-ல்தான்.

அம்மா தரும் சிறுநீரகமோ சராசரியாக 15 முதல் 20 ஆண்டு உழைக்கும். ஆக, பன்றிச் சிறுநீரகத்தை இன்றைக்கு டயாலிசிஸோடுதான் ஒப்பிட வேண்டும். வாரம் மூன்று நாள், தடவைக்கு நான்கு மணி நேரம், தண்ணீரைக்கூட அளந்து குடிக்கும் வாழ்க்கை அது. தர ஆளில்லாதவருக்கு, காத்திருப்போர் பட்டியலில் வயது ஏறிக்கொண்டே போகிறவருக்கு, சில மாத விடுதலையும் பெரிது. இன்னொன்றும் உண்டு: நம் நாட்டில் உயிரோடு தானம் தருபவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அந்தச் சுமை குறையும் என்பதற்காகவே இந்த ஆராய்ச்சி ஜெயிக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

அதுவரை, ரத்த வகை பொருந்தவில்லை என்று கைவிட்டுவிடாதீர்கள். இரு குடும்பங்கள் மாற்றிக் கொடுத்துக்கொள்ள 2011 சட்டத் திருத்தம் வழிவிடுகிறது. மருத்துவமனை வழியாக, இறந்தவர்கள் தானம் தரும் உறுப்புகளைப் பங்கிடும் மும்பை இசட்.டி.சி.சி. அமைப்பின் பட்டியலிலும் உடனே பெயரைப் பதியுங்கள்.