மறுவாசிப்புக்கு அச்சுப் பிரதியா, மின்னூலா?

1989-இல் வெளியான 'ஷேடோரன்' என்ற, கதாபாத்திரங்களை ஏற்று மேசையைச் சுற்றி அமர்ந்து ஆடும் கற்பனை விளையாட்டை அடிப்படையாகக் கொண்டு ராபர்ட் என். சாரெட் எழுதிய 'நெவர் டீல் வித் எ டிராகன்' (1990) நாவலை மீண்டும் படிக்க விரும்பும் சேலத்து நண்பர்கள், அச்சுப் பிரதியைத் தேடுவதா, மின்னூலே போதுமா என்று தயங்குகிறார்கள்.

செலவு: பழைய பிரதிக்கு அஞ்சல் கட்டணமே புத்தக விலையை மிஞ்சிவிடக்கூடும், மின்னூலுக்கு அந்தச் சுமை இல்லை.

உழைப்பு: சுமார் 1,500 மீட்டர் உயரத்திலுள்ள ஏற்காட்டில் மழைக்காலப் பனிமூட்டம் அலமாரிக்குள்ளும் புகுந்து, மலிவுத் தாளில் பூஞ்சைப் புள்ளிகளைப் படரவிடும், சேலத்து வெயிலிலோ முதுகுப் பசை காய்ந்து, நடுப்பக்கங்கள் கொத்தாகக் கழன்றுவரும். மின்னூலுக்கு மின்னூட்டம் ஒன்றே கவலை.

வசதி: ரென்ராகு நிறுவன ஊழியனான சாம் வெர்னர் மந்திர ஆற்றலை உணரும் கதையில், முதல் வாசிப்பில் கவனிக்காமல் விட்ட பெயர்களைத் திரும்பத் தேடுவதே மறுவாசிப்பின் பெருஞ்சுவை என்பதால், தேடல் வசதியுள்ள மின்னூல் இங்கே தெளிவாக முந்துகிறது. ஆயினும் இரண்டு அத்தியாயங்களுக்கு இடையே விரலை வைத்துக்கொண்டு மாறி மாறிப் புரட்டும் வேகம் அச்சுப் பிரதிக்கே உண்டு. திரையில் அது எரிச்சலூட்டும் வேலை.

கதைமுடிச்சுகளை ஆராய்பவர்களுக்கும் ஏற்காட்டில் குடியிருப்பவர்களுக்கும் மின்னூலே பொருந்தும். சேகரிக்கும் ஆர்வமுள்ள சேலத்துக்காரர்கள், வெயில் படாத அலமாரி இருந்தால், அச்சுப் பிரதியையே வாங்கலாம்.