எச்சரிக்கைப் பதிவு: அந்தக் கம்பியைக் கையில் பிடிக்காதீர்கள்

உல்லன் பின்னுகிறவர்கள், ஆரி வேலை செய்கிறவர்கள், பூ கட்டுகிறவர்கள் என்று விரலை நம்பிப் பிழைக்கிற பெண்கள் வடசென்னையில் தெருவுக்குப் பத்துப் பேர் இருப்போம். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். போன கார்த்திகையில் கைவலிக்கென்று போய், கையில் ஒரு கம்பியைக் கொடுத்து நரம்பைப் பார்க்கிறோம் என்ற ஒரு இடத்தில் 7,400 ரூபாய் கொடுத்து ஏமாந்தேன். பணம்கூடப் போகட்டும், ரெண்டரை மாதம் வீணாய்ப் போனதுதான் இன்னும் ஆறவில்லை.

சென்னை வெயிலில் உல்லன் எதற்கு என்று கேட்பார்கள். ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். ஆஸ்பத்திரியில் குழந்தை பிறந்தால் குல்லாய், சாக்ஸ் கேட்டு எங்கள் தெருவுக்கு ஆள் வரும். மார்கழி வந்தால் தாத்தாக்களுக்கு மங்கி குல்லாய். பழைய வண்ணாரப்பேட்டையில் இருந்துகொண்டு பதினெட்டு வருஷமாக இப்படித்தான் பின்னுகிறேன். ஐப்பசியில் பெங்களூரிலிருந்து ஒரு போர்வை ஆர்டர் வந்தது. டபுள் காட் அளவு. வினை அதில்தான் ஆரம்பித்தது.

பாதி போர்வை முடியும்போதே ராத்திரி ரெண்டு, மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடும். வலது கையில் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் மரத்துப்போய்க் கிடக்கும். எழுந்து உட்கார்ந்து கையை உதறுவேன், கொஞ்ச நேரத்தில் சரியாகும். சுண்டுவிரலுக்கு மட்டும் ஒன்றும் இல்லை. ஒருநாள் டீ டம்ளர் கையிலிருந்து நழுவிவிட்டது. பயந்துபோனேன்.

அந்த வாரம் கல்மண்டபம் மார்க்கெட்டில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது ஒரு பையன் நோட்டீஸ் நீட்டினான். ‘இலவச நரம்புப் பரிசோதனை முகாம். கை மரத்தல், மூட்டுவலி, சர்க்கரை, அனைத்தும் வேரோடு குணம்.’ எனக்காகவே அச்சடித்த மாதிரி இருந்தது. போனேன்.

மாடியில் ஒரு ஏசி ரூம். வெள்ளை கோட் போட்ட பையன், இருபத்திரண்டு வயசு இருந்தால் அதிகம். வயசு, உயரம், எடை கேட்டு லேப்டாப்பில் தட்டினான். ஒயரோடு இருந்த பித்தளை நிறக் கம்பி ஒன்றைக் கையில் கொடுத்து, “அக்கா, இத கெட்டியா புடிச்சுக்கங்க, ஒரு நிமிஷம் பேசாதீங்க” என்றான். திரையில் கலர் கலராகக் கோடுகள் ஓடின. பிறகு பிரிண்டரிலிருந்து 34 பக்கம் வந்தது. இதயம், கல்லீரல், தைராய்டு, எலும்பு, எல்லாவற்றுக்கும் தனித்தனிப் பக்கம். “நரம்புல 62 சதவீதம் அடைப்புக்கா, இப்படியே விட்டா கை வாங்கிடும்” என்றான். கை வாங்கிவிடும் என்று சொன்னால் பின்னுகிறவளுக்கு வேறு என்ன கேட்கும்?

காந்தக் கிளவுஸ் ஒரு ஜோடி, ஒரு தைலம், ஒரு பொடி, பத்து சிட்டிங். 9,900 ரூபாய், இன்றைக்கு மட்டும் 7,400. ஜிபே பண்ணிவிட்டு வீட்டுக்கு வந்துதான் ரசீதைப் பார்த்தேன். ஜிஎஸ்டி நம்பர் இல்லை, டாக்டர் பெயர் இல்லை. ‘நன்கொடை’ என்று எழுதியிருந்தார்கள்.

கிளவுஸை ராத்திரி முழுக்கப் போட்டுக்கொண்டு தூங்கச் சொன்னார்கள். மணிக்கட்டில் பட்டை வைத்து இறுக்கும் மாதிரி தைத்திருந்தார்கள். நாலாம் நாள் காலையில் கழற்றினால் தையல் அச்சு தோலில் வரிவரியாகப் பதிந்திருந்தது, விரலெல்லாம் வீக்கம், மரத்தல் முன்னைவிட அதிகம். போய்ச் சொன்னதற்கு, “கெட்ட நீர் வெளியேறுது, அப்படித்தான் இருக்கும்” என்றார்கள். ஆறாவது சிட்டிங்கில் ‘ரெண்டாம் கட்டம்’ என்று சொல்லி இன்னொரு 12,000 கேட்டார்கள்.

விஷயத்தைப் போட்டு உடைத்தது என் நாத்தனார் மகள். நர்சிங் படிக்கிறாள். ரிப்போர்ட்டைப் புரட்டிக்கொண்டே வந்தவள் பதினோராம் பக்கத்தில் நின்றாள். “அத்தை, உங்களுக்கு புராஸ்டேட்ல லேசா வீக்கமாம்” என்று சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். அது ஆம்பளைகளுக்கு மட்டும் இருக்கிற சுரப்பி. அந்தப் பையன் லேப்டாப்பில் ஆண் என்று தட்டிவிட்டிருக்கிறான், அதற்கேற்ற பக்கத்தை மெஷின் துப்பியிருக்கிறது. வயசையும் எடையையும் வைத்துக்கொண்டு அது எதையாவது அச்சடித்துத் தரும். ஒரு கம்பியைக் கையில் பிடித்து நரம்பும் தெரியாது, தைராய்டும் தெரியாது.

அவள்தான் என்னை ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். கைக்கென்றே தனியாக ஒரு பிரிவு அங்கே இருப்பது இத்தனை வருஷம் பக்கத்திலேயே இருந்தும் எனக்குத் தெரியாது. 1971-இல் டாக்டர் ஆர். வெங்கடசாமி ஆரம்பித்ததாம். மெஷினில் விரல் மாட்டிக்கொண்டு வந்தவர்கள் நடுவில், ‘பின்னினால் வலிக்கிறது’ என்று சொல்ல எனக்கே கூச்சமாக இருந்தது. டாக்டர் சிரிக்கவில்லை. ரெண்டு புறங்கைகளையும் ஒட்டவைத்து மணிக்கட்டை மடக்கி ஒரு நிமிஷம் இருக்கச் சொன்னார். நிமிஷம் முடிவதற்குள் அதே மூன்று விரலும் ஜிவ்வென்று ஆகிவிட்டது. அப்புறம் சின்னச் சின்ன ஷாக் வைத்து நரம்பு டெஸ்ட், ரத்த டெஸ்ட்.

கார்பல் டனல் என்றார். மணிக்கட்டில் ஒரு குறுகலான சந்து, ஒன்பது தசைநாண்களும் ஒரு நரம்பும் அதற்குள் நெருக்கிக்கொண்டு போகின்றன. உள்ளே கொஞ்சம் வீங்கினாலும் நசுங்குவது நரம்புதான். அந்த நரம்பு சுண்டுவிரலுக்குப் போவதில்லை, அதனால்தான் அது மட்டும் தப்பித்தது. சர்க்கரை, தைராய்டு இருப்பவர்களுக்கு இது வர வாய்ப்பு அதிகமாம். என் தைராய்டு டெஸ்டில் டிஎஸ்ஹெச் ஏறியிருந்தது, அதாவது தைராய்டு சரியாகச் சுரக்கவில்லை. 34 பக்க ரிப்போர்ட்டில் தைராய்டு ‘நார்மல்’. கிளவுஸைக் காட்டினேன். “நசுங்குற இடத்துலயே போட்டு இறுக்கியிருக்கீங்கம்மா” என்றார். நாளை ஓட்டினால் கட்டைவிரல் அடியில் இருக்கும் சதை வற்றிவிடும், அப்புறம் ஆபரேஷன்தான் என்றும் சொன்னார். நான் ஓட்டிய ரெண்டரை மாதம் அப்போதுதான் உறைத்தது.

மணிக்கட்டை மடங்கவிடாமல் நேராக வைக்கும் ஸ்பிளின்ட் கொடுத்தார்கள், ராத்திரி மட்டும் போட. தைராய்டுக்கு வெறும் வயிற்றில் மாத்திரை. தெரபி பார்க்கும் அம்மா, “நாளைக்கு வரும்போது ஊசியும் நூலும் எடுத்துட்டு வாங்க, பின்னிக் காட்டுங்க” என்றார். பதினெட்டு வருஷத்தில் நான் பின்னுவதை ஒருத்தர் உட்கார்ந்து பார்த்தது அதுதான் முதல் தடவை.

ஒரு வரிசை முடிப்பதற்குள் அவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. நீளமான ஸ்டீல் ஊசி, அதன் முனையில் தொங்குகிற முழுப் போர்வையின் கனம், அதைத் தாங்கி மடங்கி நிற்கும் மணிக்கட்டு. முழங்கை அந்தரத்தில். நூலோ விரலில் ரெண்டு சுற்று, சுண்டுவிரல் வெளுக்கிற அளவுக்கு இறுக்கம். நடுவில் ஒயர் வைத்த வட்ட ஊசிக்கு மாறச் சொன்னார். கனம் முழுக்க மடியில் இறங்கிவிடுகிறது, கை வெறுமனே கண்ணி தள்ளினால் போதும். மூங்கில் ஊசி இன்னும் லேசு. முழங்கைக்குக் கீழே ரெண்டு பக்கமும் தலையணை. இருபது நிமிஷத்துக்கு ஒருதரம் போனில் அலாரம், எழுந்து விரலை விரித்து மடக்கிவிட்டுத்தான் மறுபடி உட்கார வேண்டும். ஆர்டர் அவசரத்தில் இந்த அலாரத்தை நான் அணைத்ததும் உண்டு, அன்றைக்கு ராத்திரியே தெரிந்துவிடும். காட்டன் நூல் உல்லன் மாதிரி நெகிழாது, இழுக்க இழுக்க விரல்தான் தேயும். அதனால் காட்டன் தோரணம் ஆர்டர் எடுப்பதை நிறுத்திவிட்டேன். குரோஷா ஊசிப் பிடியில் பழைய துணியைச் சுற்றித் தடியாக்கியிருக்கிறேன். பார்க்க அசிங்கம், பிடிக்கச் சுகம்.

இப்போது ராத்திரி தூங்குகிறேன். பெங்களூர் போர்வையைச் சித்திரையில்தான் கொடுத்து முடித்தேன், அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை.

யாராவது மாட்டிக்கொண்டிருந்தால் 1915-க்குக் கூப்பிடுங்கள், நுகர்வோர் ஹெல்ப்லைன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரைக்கும் வழக்குக்குக் கட்டணமே கிடையாது. சர்க்கரையை வேரோடு தீர்ப்போம் என்று விளம்பரம் செய்வதே 1954-ஆம் வருஷச் சட்டப்படி குற்றம், அதனால் நோட்டீஸையும் கிழிக்காமல் வைத்திருங்கள். நான் புகார் கொடுத்தேன் என்று தெரிந்ததும் அங்கிருந்து போன் வந்தது. 2,500 ரூபாய் அனுப்பினார்கள். மீதியும் தருகிறோம், ரிப்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள் அக்கா என்கிறார்கள். கொடுக்கவில்லை. பதினோராம் பக்கத்தின் மூலையை மடித்து, ரசீதோடு சேர்த்து பீரோவில் வைத்திருக்கிறேன்.