திரும்பப் படிப்பதா, மூடிவைத்து எழுதிப் பார்ப்பதா?

தேர்வு நெருங்கினால் நம்மில் பெரும்பாலானோர் அதே பக்கங்களை மறுபடி மறுபடி படிக்கிறோம். இன்னொரு வழியும் உண்டு: படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, மனத்தில் நிற்பதை வெற்றுத் தாளில் எழுதிப் பார்ப்பது.

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கும் இவற்றை ஒப்பிட்டு, 2006இல் முடிவை வெளியிட்டார்கள். சூரியனைப் பற்றி ஒன்று, கடல் நீர்நாயைப் பற்றி ஒன்று என இரண்டு சிறு கட்டுரைகள். ஒவ்வொரு மாணவரும் ஒன்றை இருமுறை படித்தார். மற்றதை ஒருமுறை படித்து, பிறகு நினைவிலிருந்து எழுதினார். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது இருமுறை படித்ததே முந்தியது: அதில் 81 சதவீதம் நினைவில் நின்றது, எழுதிப் பார்த்ததில் 75. ஒரு வாரம் கழித்துச் சோதிக்கப்பட்டவர்களிடம் நிலைமை தலைகீழ்: படித்தது 42, எழுதிப் பார்த்தது 56. இத்தனைக்கும் எழுதியதில் எது சரி, எது தவறு என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை!

பழகிய வரிகள் கண்ணில் தடையின்றி ஓடும்போது, பாடம் வந்துவிட்டதாக மூளை நம்பிவிடுகிறது. மறந்ததைத் தேடி எடுக்கும் சிரமமோ நினைவை உறுதிப்படுத்துகிறது. அதனால்தான் பிள்ளைகளை "இன்னொரு தரம் படி" என்று விரட்டுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

புரியாத பாடத்துக்கு மட்டும் என் தீர்ப்பு வேறு. அதை முதலில் நிதானமாகத் திரும்பப் படிக்கத்தான் வேண்டும். புரிந்தபின் எழுதிப் பாருங்கள். விடுபட்டதைப் புத்தகத்தோடு ஒப்பிட்டுத் திருத்துங்கள். இரண்டு நாள் விட்டு மறுபடி எழுதுங்கள்.