சௌராஸ்தா சந்தை மாடி: ஆங்கிலக் கவிதையின் பழம்பதிப்புகளைத் தேடுவோருக்கு

மலேசியாவின் பினாங்குத் தீவிலுள்ள ஜார்ஜ் டவுனில் பினாங்கு சாலையையும் தமிழ்த் தெருவையும் ஒட்டி நிற்கும் சௌராஸ்தா சந்தையின் மாடியில் உள்ள பழைய புத்தகக் கடைகளை, பள்ளிப் பாடநூல்களும் கதைப் புத்தகங்களும் மலிவாகக் கிடைக்கும் இடமாகவே பெரும்பாலோர் அறிவர். இருபதாம் நூற்றாண்டின் முதல் முப்பது ஆண்டுகளில் வெளிவந்த ஆங்கிலக் கவிதை நூல்களின் பழம்பதிப்புகளைச் சேர்ப்பவருக்கு அக்கடைகள் எந்த அளவுக்குப் பயன்படும் என்பதை மட்டுமே இங்கே எழுதுகிறேன். அரிய முதற்பதிப்பு ஒன்றே குறி என்றிருப்பவர் இந்த மாடிப்படியை ஏற வேண்டியதில்லை. மலாயாவில் யாரோ படித்து, பெயர் எழுதி, அடிக்கோடிட்டு வைத்திருந்த பிரதிகளில் நாட்டம் உள்ளவருக்கோ, எனக்குத் தெரிந்து நாட்டில் இதைவிட நல்ல இடம் கிடையாது.

கீழே மீனும் காய்கறியும் விற்கும் ஈரச்சந்தையும் ஜாதிக்காய், மாங்காய் ஊறல் விற்கும் கடைகளும். மேலே ஆள் உயரத்துக்கு அடுக்கிய புத்தகங்கள். கவிதைக்கெனத் தனி அடுக்கு எதையும் நான் கண்டதில்லை. கவிதை நூல்கள் மெலிந்தவை என்பதால் அகராதிகளுக்கும் தேர்வு வழிகாட்டிகளுக்கும் இடையில் நசுங்கிக் கிடக்கும். முதுகில் ஒட்டிய தாள் பெயர்ச்சீட்டு உதிர்ந்துபோயிருந்தால் வெளியே இழுத்துப் பார்க்காமல் அது என்ன நூல் என்றே தெரியாது. “அண்ணே, பழைய இங்கிலீஷ் கவிதைப் புத்தகம் ஏதாவது வந்திருக்கா?” என்று கேட்டால், “கவிதையா? அதையெல்லாம் யாரு கேக்குறா தம்பி, அந்தப் பக்கம் கிளறிப் பாருங்க” என்பதுதான் வழக்கமான பதில். அதைக் குறையாக எண்ண வேண்டாம். கிளறிப் பார்க்கவும், வாங்காமல் போகவும் முகம் சுளிக்காமல் விடும் கடைக்காரர்கள் சேகரிப்பவருக்கு ஒரு வரம். விலையும் பெரும்பாலும் நூலின் பருமனையும் அட்டையின் நிலையையும் பார்த்துச் சொல்லப்படுகிறதே அன்றி, எத்தனையாவது அச்சு என்பதைப் பார்த்தன்று.

எதிர்பார்க்கக் கூடாதவை எவை என்பதற்கு அச்சிட்ட படிகளின் எண்ணிக்கையே விடை தரும். கவிஞர் டி. எஸ். எலியட்டின் முதல் தொகுதி 1917இல் 500 படிகளே அச்சாயிற்று. அதே ஆண்டு, எட்வர்ட் தாமஸ் முதல் உலகப் போரில் மாண்டபின் வெளிவந்த அவருடைய கவிதைகள் 525 படிகள். லெனார்ட் உல்ஃபும் வர்ஜீனியா உல்ஃபும் 1923இல் தங்கள் கைகளாலேயே அச்சுக்கோத்து வெளியிட்ட எலியட்டின் ‘தி வேஸ்ட் லேண்ட்’ 500ஐக்கூட எட்டவில்லை. லண்டனிலேயே சிறு வட்டத்துக்குள் சுற்றிய இந்நூல்கள் பினாங்குத் துறைமுகத்தில் வந்து இறங்கியிருக்க நியாயம் குறைவு. கப்பலேறி வந்தவை பல்லாயிரக்கணக்கில் விற்ற ரூபர்ட் புரூக், கிப்ளிங், தாகூர் போன்றோரின் நூல்கள். தோட்டத் துரைகளும் அரசு அலுவலர்களும் கொண்டுவந்தவை, ஆங்கிலப் பள்ளிகள் பரிசாகக் கொடுத்தவை ஆகியவற்றின் மிச்சமே இன்று மாடியில் கிடைப்பது.

அப்படி நான் வாங்கிய பிரதிகளில் ஒன்று, சிட்விக் அண்டு ஜாக்சன் வெளியிட்ட புரூக்கின் ‘1914 அண்டு அதர் போயம்ஸ்’. கருநீலத் துணி அட்டை. முதுகின் தாள்சீட்டில் பாதி இல்லை. முகப்பில் கவிஞரின் படம், அதன்மேல் போட்டிருந்த மெல்லிய தாளில் தேநீர் நிறத்தில் பழுப்புப் புள்ளிகள். தலைப்புப் பக்கத்தின் பின்புறத்தில் முதல் அச்சு மே 1915 என்று தொடங்கி, அச்சுகளின் பட்டியல் மாதவாரியாக இறங்கிக்கொண்டே போகிறது. முதல் உலகப் போருக்குப் போன புரூக் 1915 ஏப்ரல் 23 அன்று இறந்தார். நூல் அடுத்த மாதமே அச்சாகி, 1918 ஜூனுக்குள் 24ஆவது அச்சை எட்டியது. ஒரு நாடு தன் துயரத்தை எவ்வளவு விரைவாக விலைகொடுத்து வாங்கியது என்பதை அந்தப் பட்டியலே காட்டுகிறது. முதல் அச்சுப் பிரதியில் இதைப் பார்க்க முடியாது. உள்ளட்டையில் பினாங்குப் பள்ளி ஒன்றின் பரிசுச்சீட்டு ஒட்டியிருக்கிறது. ஐரோப்பியப் போருக்குப் போய் மாண்டவனின் கவிதையை இத்தீவின் மாணவன் ஒருவனுக்கு நன்னடத்தைப் பரிசாகத் தந்திருக்கிறார்கள். இதற்கு நான் கொடுத்த விலை 25 வெள்ளி (ரிங்கிட்).

அச்சை அடையாளம் காணும் வேலை முழுக்க வாங்குபவருடையது. எட்வர்ட் மார்ஷ் தொகுத்த ‘ஜார்ஜியன் போயட்ரி’ வரிசை 1912 முதல் 1922 வரை ஐந்து தொகுதிகளாக வந்தது; மறு அச்சுகளில் எத்தனையாவது ஆயிரம் படி என்று போட்டிருப்பதால் ஏமாற வழியில்லை. ஆங்கிலக் கவிஞர் ஹவுஸ்மனின் 1922ஆம் ஆண்டு ‘லாஸ்ட் போயம்ஸ்’ கிடைத்தால் 52ஆம் பக்கத்தைத் திறக்க வேண்டும். அங்கே நிறுத்தற்குறிகள் விடுபட்டிருந்தால் அது முதல் அச்சு. மக்மிலன் வெளியிட்ட கிப்ளிங் நூல்களின் அட்டையில் யானை முகத்தோடு ஸ்வஸ்திகமும் இருந்தால், நாஜிகளால் அச்சின்னம் கெட்ட பெயர் எடுத்து, கிப்ளிங் அதை நீக்கச் சொல்வதற்கு முந்தைய பிரதி என்று கொள்ளலாம். தாகூரின் ‘கீதாஞ்சலி’ ஆங்கிலத்தில் 1912இல் லண்டன் இந்தியா சொசைட்டியால் 750 படிகளே அச்சிடப்பட்டு, அவற்றில் 250 மட்டும் விற்பனைக்கு வந்தன. அது இங்கே கிடைக்குமென்று கனவு காண வேண்டாம். மக்மிலனின் 1913ஆம் ஆண்டுப் பதிப்பின் மறு அச்சுகளையே தேட வேண்டும். தாகூர் 1927இல் மலாயா வந்து பினாங்கு வரை பயணம் செய்தவர் என்பதால், அக்காலத்து உள்ளூர்க் கையெழுத்து இருக்கும் ‘கீதாஞ்சலி’ எதுவானாலும் நான் கீழே வைப்பதில்லை.

பினாங்கின் ஈரக்காற்றுதான் பெரும்பகை. பழுப்புப் புள்ளிகளைப் பொறுத்துக்கொள்ளலாம். பூஞ்சை வாடை அடிக்கும் நூலையும், இராமபாணப் பூச்சி அரித்த நூலையும் எவ்வளவு மலிவானாலும் விட்டுவிட வேண்டும், ஏனெனில் அவை வீட்டிலுள்ள மற்ற நூல்களையும் கெடுத்துவிடும். வாங்கியவற்றைக் கண்ணாடி அலமாரியில் இறுக அடுக்காமல், புகைப்படக் கருவிகளுக்கான ஈரநீக்கிப் பெட்டியில் 50 விழுக்காட்டு ஈரப்பதத்தில் வைப்பது நல்லது.

இணையத்தில் வெளிநாட்டு விற்பனையாளர்களிடம் வாங்கினால் தேர்வு பல மடங்கு விரியும்; ஆனால் அஞ்சல் செலவு பல வேளைகளில் நூலின் விலையைத் தாண்டிவிடும். சரோஜினி நாயுடுவின் ‘தி கோல்டன் த்ரெஷோல்ட்’ (ஹைன்மன், 1905) ஒன்றை அவ்வாறு வரவழைத்தபோது, அனுப்பியவர் அதை ஒற்றை உறையில் போட்டுவிட, நூறாண்டுக்கு மேல் தாங்கிய அட்டை முனை அஞ்சலில் மடிந்து வந்தது. மாடியில் அந்தக் கவலை இல்லை. கையில் எடுத்து, முகர்ந்து, பக்கங்களை எண்ணிப் பார்த்து வாங்கலாம்.

சனி, ஞாயிறு கூட்டத்தில் நின்று நிதானமாகப் பார்க்க முடியாது; வார நாள் முற்பகலில், கையில் சில்லறை நோட்டுகளோடும் சிறு கைவிளக்கோடும் போவது நல்லது. கவிதை என்று கேட்பதைவிட, பழைய வீட்டைக் காலி செய்தபோது வந்த கட்டு ஏதேனும் இருக்கிறதா என்று கேட்டால் பலன் அதிகம். அந்தக் கட்டுகளைக் கடைக்காரர்கள் பிரித்து அடுக்குவதற்கு முன்பே பார்க்கக் கேளுங்கள், பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள்.