எட்டாம் மாதச் சாமான்கள்: பட்டி, தலையணை, காலுறை – எதற்குக் காசு கொடுக்கலாம்?

வெள்ளவத்தைக் காலி வீதியில் தாய்சேய்ச் சாமான் விற்கும் கடைக்குள் போய் "நாரி நோகுது, பெல்ட் ஒன்று வேணும்" என்று கேட்டால், பல இடங்களில் முதலில் எடுத்து நீட்டுவது பிரசவத்துக்குப் பிறகு கட்டும் பட்டியைத்தான். "அக்கா, இது ஃப்ரீ சைஸ், பிள்ளை பிறக்க முன்னுக்கும் பின்னுக்கும் பாவிக்கலாம்" என்பார்கள். பாவிக்கக் கூடாது. சிசேரியன் முடிந்தவர்கள் கட்டும் அந்தப் பட்டி வயிற்றைச் சுற்றி இறுக்குவதற்காகத் தைக்கப்பட்டது. பெரும்பாலும் 20 முதல் 25 சென்ரிமீற்றர் அகலத்தில், ஒரு முனையிலிருந்து மறு முனை வரை ஒரே சீராக இருக்கும். கர்ப்பகாலப் பட்டியின் வேலை இறுக்குவதல்ல, வயிற்றை அடியிலிருந்து ஏந்துவது. முதுகுப் பக்கம் அகன்று, முன்பக்கம் ஒடுங்கி, வயிற்றின் கீழே வளைந்து போகும். கடை மேசையில் விரித்துப் போட்டாலே வித்தியாசம் தெரியும். பெட்டியிலுள்ள படத்தை நம்ப வேண்டாம். இரண்டுக்கும் ஒரே படத்தைப் போட்டு விற்கிறார்கள்.

எந்த நோவுக்கு எந்தப் பட்டி என்பதும் முக்கியம். வயிறு முன்னே தள்ள முதுகு உள்ளே வளைகிறது. அதனால் வருவது நாரி நோவு. இதற்கு மேலே சொன்ன, முதுகுப் பக்கம் அகன்ற கர்ப்பகாலப் பட்டி சரி. இன்னொன்று, கட்டிலில் புரளும்போதும், படி ஏறும்போதும், ஒற்றைக் காலில் நின்று உடுப்புப் போடும்போதும் கவட்டிலோ பிட்டத்தின் மேற்பக்கத்திலோ குத்துவது. ரிலக்சின் முதலிய ஹோமோன்களால் இணைப்பு நார்கள் இளக, இடுப்பெலும்பு மூட்டுகள் கூடுதலாக அசைவதும் இதற்கு ஒரு காரணம். இதற்கு அகலப் பட்டி அவ்வளவாக உதவாது. 5 முதல் 8 சென்ரிமீற்றர் அகலமுள்ள ஒடுங்கிய, அவ்வளவாக இழுபடாத பட்டியை, வயிற்றில் படாமல், இடுப்பெலும்பின் முன்முனைகளுக்குச் சற்றுக் கீழே சுற்றிக் கட்ட வேண்டும். பேபி கடைகளில் இது குறைவு. எலும்பு முறிவுக்கான பட்டிகள் விற்கும் பாமசிகளில் கேளுங்கள். பிசியோதெரபிஸ்ட் ஒருவர் முதல் தடவை கட்டிக் காட்டினால் இன்னும் நல்லது, ஏனென்றால் இடம் இரண்டு விரலளவு மாறினாலே பலன் போய்விடும்.

அளவெடுப்பது தொப்புளுக்கு மேலே அல்ல. வயிற்றின் அடியால், இடுப்பைச் சுற்றி டேப்பைப் பிடியுங்கள். 30 வாரத்தில் வாங்குவதென்றால் அந்த அளவுக்குமேல் இன்னும் ஒரு 10 சென்ரிமீற்றராவது தளர்த்த இடமிருக்க வேண்டும். அளவட்டவணை இல்லாத 'ஃப்ரீ சைஸ்' பட்டிகளில் வெல்குரோவின் கடைசி நுனி மட்டும் ஒட்டி நிற்கும். பஸ்ஸில் ஒரு குலுக்கலுக்குப் பிரிந்துவிடும்.

கட்டும் முறையில்தான் அதிகம் பிழைக்கிறது. நின்றபடி, வயிறு முழுப் பாரத்தோடும் தொங்கும்போது கட்டினால், தொங்கும் இடத்திலேயே பட்டியும் பிடித்துக்கொள்ளும். கட்டிலில் பக்கவாட்டில் சாய்ந்தோ, முதுகுக்குத் தலையணை கொடுத்துச் சற்றுச் சரிந்தோ இருந்து கட்டிவிட்டு எழும்ப வேண்டும். பட்டிக்கும் தோலுக்கும் இடையில் இரண்டு விரல் இலகுவாகப் போக வேண்டும். தொடையின் வெளிப்பக்கம் விறைக்கிறது, நெஞ்செரிவு கூடுகிறது, அடிக்கடி சலம் முட்டுகிறது என்றால் இறுக்கம் கூடிவிட்டது அல்லது பட்டி மேலே ஏறிவிட்டது. நடக்கும்போதும் நிற்கும்போதும் மட்டும், ஒரு தடவைக்கு இரண்டு மூன்று மணித்தியாலம் போதும். கந்தோர் போய் மேசையில் இருந்ததும் கழற்றுங்கள். 100, 101 பஸ்களில் நின்று போகிறவர்களுக்கு அது கொடுக்கும் ஆறுதல் பெரிது. நாள் முழுக்கக் கட்டியிருப்பதற்கு அது செய்யப்படவில்லை.

துணி விஷயத்தில் எங்கள் தீர்ப்புக் கடுமையானது. நியோபிரீன், அதாவது ரப்பர் பஞ்சு போல் தடித்த கறுப்புப் பட்டி, கொழும்புப் புழுக்கத்துக்குச் சரிவராது. வேர்வை உள்ளேயே நின்று, வயிற்று மடிப்பில் வேர்க்குரு போடும், பிறகு பூஞ்சணம். துளையுள்ள வலைத்துணிப் பட்டி பார்க்க மலிவாக இருந்தாலும் அதுதான் இங்கே உழைக்கும். உள்ளே ஒரு மெல்லிய கொட்டன் பனியன் போட்டு அதன்மேல் கட்டுங்கள். முதுகுப் பக்கம் பிளாஸ்டிக் கம்பி வைத்தவற்றைக் கடையிலேயே ஒரு தடவை குந்தியிருந்து பாருங்கள். கம்பி விலாவில் குத்தினால் அப்படியே திருப்பி வையுங்கள். கழுவும்போது வெல்குரோவை மூடி, குளிர்ந்த தண்ணீரில் கையால் கழுவி நிழலில் போட வேண்டும். வெந்நீரும் வெயிலும் இலாஸ்டிக்கைச் சீக்கிரம் இளக்கிவிடும்.

ஒன்றுக்குத்தான் காசிருக்கிறது என்றால், பட்டியை விட்டுவிட்டுத் தலையணையை வாங்குங்கள். 28 வாரத்துக்குப் பிறகு பக்கவாட்டில் படுத்துத்தான் உறங்கப் போக வேண்டும். நிமிர்ந்து படுத்தால் கருப்பையின் பாரம் வயிற்றின் பின்னால் ஓடும் பெரிய நாளத்தை அமுக்கி, இருதயத்துக்குத் திரும்பும் இரத்தத்தைக் குறைக்கும். இடமோ வலமோ, எந்தப் பக்கமும் சரி. இடையில் முழிக்கும்போது நிமிர்ந்து கிடந்தால் பயப்படாமல் திரும்பிப் படுக்கலாம்.

யூ வடிவத் தலையணை 130 சென்ரிமீற்றருக்கு மேல் நீளம், அகலம் 70, 80. ஐந்தடிக் கட்டிலில் பாதி அதற்கே போய்விடும், கணவர் பாயை விரிக்க வேண்டியதுதான். முதுகையும் வயிற்றையும் ஒன்றாகத் தாங்குவது நல்லதென்றாலும், மின்விசிறி மட்டும் உள்ள அறையில் இருபக்கமும் பஞ்சுச் சுவர் எழுப்பிக்கொண்டு படுப்பது பெரிய சோதனை. சீ வடிவம் போதும். வாங்கும்போது பார்க்க வேண்டியது இரண்டு: உறையைக் கழற்றச் சிப் இருக்கிறதா, கால் முனை கணுக்கால் வரை எட்டுகிறதா. சிப் இல்லாததை முழுதாக நனைத்தால் இந்த ஈரக்காற்றில் உள்ளே காயாது, மணக்கத் தொடங்கும். முழங்காலோடு நின்றுவிடும் தலையணையில் கால் கீழே சரிந்து இடுப்பை முறுக்கும், நோவு குறையாது. வெல்வெட் உறை வேண்டவே வேண்டாம். கொட்டன் உறை இல்லையென்றால் புறக்கோட்டையில் துணி வாங்கித் தைப்பித்துக்கொள்ளலாம்.

அதுவும் கட்டாயமில்லை. முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் சேர்த்து ஒரு நீளமான உருளைத் தலையணை, வயிற்றுக்கு அடியில் மடித்த துவாய், முதுகுக்கு ஒரு சாதாரணத் தலையணை – இவை வீட்டிலேயே இருக்கும், வேலையும் அதுவேதான். எழும்பும்போது நேராக எழும்பாமல், முழங்காலை மடித்து, காலைக் கட்டிலுக்குக் கீழே இறக்கிக்கொண்டே கையால் ஊன்றி எழும்புங்கள்.

கால் வீக்கத்துக்கான அழுத்தக் காலுறையில் பெட்டியைத் திருப்பி அழுத்த அளவைப் பாருங்கள். முதலாம் வகுப்பு பொதுவாக 18 முதல் 21 மில்லிமீற்றர் இரசம் (mmHg). இரண்டாம் வகுப்பு 23 முதல் 32. எண்ணே இல்லாத 'விமானக் காலுறை'க்குப் பாமசி விலை கொடுப்பது வீண். எந்த வகுப்பு என்பதை டொக்டரிடம் கேட்டே வாங்க வேண்டும், நீரிழிவோ காலில் இரத்தோட்டக் குறையோ உள்ளவர்கள் கட்டாயமாக. அளவு காலையில், வீக்கம் இறங்கியிருக்கும்போது: கணுக்காலின் ஒடுங்கிய இடம், கெண்டைக்காலின் பருத்த இடம். முழங்காலுக்குக் கீழே நிற்பதும் விரல் திறந்ததும் இந்த வெயிலுக்கு உகந்தவை. கட்டிலை விட்டு இறங்குமுன் போட வேண்டும். காலுறையைக் குதிக்கால் வரை உள்வெளியாகப் புரட்டி, பாதத்தை விட்டு, ரப்பர் கையுறை போட்ட கையால் மேலே தடவி ஏற்றினால் ஏறும். எட்டாம் மாதத்தில் குனிய முடியாது, வீட்டில் யாராவது போட்டுவிட வேண்டும். மேல் விளிம்பைச் சுருட்டி விடாதீர்கள். அது கயிறு கட்டியதுபோல் இரத்தோட்டத்தைத் தடுக்கும்.

இரண்டு காலும் பின்னேரத்தில் வீங்கி விடிய இறங்குவது வழமை. ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாக நோவது, முகமும் கையும் திடீரென்று ஊதுவது, விடாத தலையிடி, கண் மங்குவது, மேல்வயிற்றில் நோவு – இவற்றுக்குக் காலுறை மருந்தல்ல. பிரஷர் 140/90 ஐத் தொட்டிருக்கலாம், காலில் இரத்தக்கட்டி இருக்கலாம். கிளினிக் கார்டையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரி, வாகனம் இல்லையென்றால் 1990 இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸ்.

வயிற்று வரி கிரீம்களைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. வரி விழாமல் தடுக்கும் என்று உறுதியான கிரீம் எதுவும் கிடையாது. தோல் வறண்டு கடிப்பதற்குத் தேங்காயெண்ணெய் போதும். ஆனால் உள்ளங்கையும் உள்ளங்காலும், தடிப்பு எதுவுமில்லாமல், இரவில் கூடுதலாகக் கடித்தால் அது தோலின் விஷயமில்லாமல் ஈரலின் விஷயமாக இருக்கலாம். அதற்கு இரத்தப் பரிசோதனை இருக்கிறது. அடுத்த கிளினிக் திகதி வரை கிரீம் மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்காமல் அன்றைக்கே மிட்வைஃபுக்கு அழைத்துச் சொல்லுங்கள்.