ஆர்பிட்ரேஷன் வக்கீலிடம் 85,000 ரூபாய் போனது: பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். வீடு கட்டித் தருவதாகச் சொன்ன ஒப்பந்ததாரர், தளம் போட்ட கையோடு வேலையை விட்டுவிட்டுப் போய்விட்டார். தகராறு வந்தால் கோர்ட்டுக்குப் போகாமல் நடுவர் மூலம் (அதுதான் ஆர்பிட்ரேஷன்) தீர்த்துக்கொள்ள வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு பிரிவு இருந்தது. வக்கீல்களை அறிமுகப்படுத்தும் ஓர் இணையதளம் வழியாக இந்த வக்கீல் வந்து சேர்ந்தார்.

ஒப்பந்தத்தை வாங்கி, அந்தப் பிரிவின் கீழே பச்சை மையால் கோடு போட்டார். "இந்த ஒரு வரி போதும் அம்மா. கோர்ட் வாசலை மிதிக்கவே வேண்டாம். ஆறே மாதத்தில் தீர்ப்பு உங்கள் கையில்." கூட வந்திருந்த என் மாமியாருக்கு மூட்டுவலி என்றதும் எழுந்து தன் நாற்காலியையே கொடுத்தார். அப்படிப்பட்டவரை யார் சந்தேகப்படுவார்கள்? அவருடைய கட்டணம் 35,000, நடுவருக்கு முன்பணம் 50,000. ஆக 85,000 ரூபாயை அன்றே அனுப்பினோம்.

அதன் பிறகு எல்லாமே சாக்குதான். நடுவர் வெளியூர் போயிருக்கிறார், எதிர்த்தரப்பு அவகாசம் கேட்கிறது. பின்னர் குமாஸ்தா மட்டுமே போனை எடுத்தார்: "சார் கோர்ட்டில் இருக்கிறார்." கோர்ட்டே வேண்டாம் என்றவர்! நடுவர் விசாரணை கேட்டு ஒப்பந்ததாரருக்கு நோட்டீஸ் அனுப்பியதற்கு அத்தாட்சி கேட்டு நச்சரித்த பிறகு ஸ்பீடு போஸ்ட் ரசீதின் படம் ஒன்று வந்தது. அந்த எண்ணை அஞ்சல் துறை தளத்தில் போட்டுப் பார்த்தால், கடிதம் மதுரையில் பட்டுவாடா ஆகியிருக்கிறது. எங்கள் ஒப்பந்ததாரர் இருப்பது தாம்பரத்தில். இணையதளத்தாரைக் கேட்டால், "அறிமுகம் மட்டும்தான் எங்கள் வேலை" என்று கைகழுவினார்கள்.

வேறொரு வக்கீல் விளக்கியபோதுதான் வயிறு எரிந்தது. ஆர்பிட்ரேஷனுக்கான 1996-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 21-ஆவது பிரிவுப்படி, நோட்டீஸ் எதிர்த்தரப்பின் கைக்குப் போய்ச் சேரும் நாளில்தான் நடவடிக்கையே தொடங்குகிறது. எங்கள் வழக்கு தொடங்கவே இல்லை. வழக்குத் தொடங்குவதற்கான மூன்று ஆண்டுக் காலவரம்போ ஓடிக்கொண்டிருக்கிறது. நடுவரை நியமிக்க எதிர்த்தரப்பு 30 நாளில் ஒத்துவராவிட்டால் உயர் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டுமாம். முன்பணம் எவ்வளவு என்று நடுவர்தான் முடிவு செய்வார், வழக்கமாக இரு தரப்பும் சமமாகக் கட்ட வேண்டும். நியமிக்கப்படாத நடுவருக்கு என் 50,000 எதற்கு?

நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போகலாம் என்று நினைத்தேன். வக்கீல் தொழில் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வராது என்று உச்ச நீதிமன்றம் 2024 மே மாதம் சொல்லிவிட்டது. வக்கீல்களை ஒழுங்குபடுத்தும் பார் கவுன்சிலில் புகார் கொடுக்கலாம். அவர்மேல் ஒழுங்கு நடவடிக்கை எடுப்பார்கள், ஆனால் 85,000 ரூபாயை வசூலித்துத் தருவது அவர்கள் வேலை இல்லையாம்.

அவசரமாகச் சில வார்த்தைகள். நோட்டீஸ் நகலையும் அஞ்சல் ரசீதையும் அன்றைக்கே கேட்டு வாங்குங்கள், எண்ணை நீங்களே சரிபாருங்கள். நடுவர் யார் என்று எழுத்தில் வராமல் அவர் பெயரைச் சொல்லிக் கேட்கும் பணத்தைக் கொடுக்காதீர்கள். எதிர்த்தரப்பு பேச வரும் என்று தோன்றினால், முதலில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுங்கள். அங்கே மக்கள் நீதிமன்றத்துக்குக் கட்டணம் கிடையாது. மற்றதைப் பிறகு எழுதுகிறேன், பார் கவுன்சில் புகாரை இன்றே முடித்தாக வேண்டும்.